சம்பந்தியின் காரணங்கள்

என் சம்பந்தி அறுபது கடந்த வயதில் எடை தூக்கத் தொடங்கியது எதற்காக என்று திண்டிவனத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஒரு காரணம் சொல்வார்கள். ஆனால் எந்த இருவர் சொல்வதும் ஒத்திராது. அத்தனை காரணங்களையும் ஊருக்கு வழங்கியவர் அவரேதான். கேட்கிறவரின் முகத்தைக் கணநேரம் பார்ப்பார். துணிக்கடைக்காரர் ஆளைப் பார்த்தே சட்டையின் அளவை எடுத்துப் போடுவதைப் போல, அவருக்குப் பொருந்தக்கூடிய காரணம் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்.

மேம்பாலத்துக்கு அருகிலிருந்த டீக்கடைக்காரரிடம் அவர் சொன்னது இது: “ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கலாம்னு கீறேன். பொண்ணு வூட்டுல ஒடம்பப் பாப்பாங்க இல்ல?”

அவர் கையிலிருந்த டீ ஆறுவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவருடைய மனைவி சற்றும் கலங்கவில்லை. மதியச் சோறு போடும்போது சொன்னாராம்: “ஜல்தியா கூட்டிக்கினு வாங்க. காலைல வாசல் தெளிக்க ஆளில்லாம நாந்தான் பேஜாரு பட்டுக்கினு கீறேன்.”

சர்க்கரைக்கு மருந்து கொடுத்த மருத்துவரிடம் சர்க்கரை என்றார். ஓமந்தூர்ப் பக்கம் அவருக்கு நிலம் இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் ஒவ்வோர் உழவின்போதும் வரப்பை இந்தப் பக்கம் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே வந்தவர். அவர் ஒருநாள் வேடிக்கையாகக் கேட்டபோது சம்பந்தி குரலைத் தாழ்த்தி, “பேசிப் பாத்தாச்சுபா. இனிமே பேச்சு இல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு, மடித்த கையை ஒருமுறை நீட்டிப் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் வரப்பு தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. வாழ்க்கையில் தாம் சொன்ன பொய்களுள் விளைச்சல் கொடுத்தது அது ஒன்றுதான் என்று பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

என்னிடம் வேறு காரணம் சொன்னார். நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு செயலுக்குப் பின்னும் ஒரு நோக்கம் இருந்தே தீரும் என்று கரும்பலகையில் எழுதிப் பிழைத்தவன். “நீங்க படிச்சவங்க சம்பந்தி, ஒங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ராத்திரில தூக்கம் வர்ல. அதான்” என்றார். அவர் படுத்த மறுநிமிடம் குறட்டை விடுவது என் மகள் வழியாக எனக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன். சம்பந்திகளுக்கு இடையில் சில பொய்களை ஏற்றுக்கொள்வதே மரியாதை.

உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் பாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகளுக்கும் அவருடைய மகனுக்கும் பிறந்த ஒரே பெண். வீட்டில் எல்லோரும் அழைத்தபடியே நானும் இங்கே பாப்பா என்று குறிப்பிடுகிறேன். பிறவியிலிருந்தே அவளுக்கு இடுப்புக்குக் கீழே வலு இல்லை. அவள் தகப்பனுக்குச் சென்னையில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். என் மகள் தினமும் காலை ரயிலில் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிறவள். ஆகவே பாப்பாவைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும், அழைத்து வருவதும், வண்டியிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதும் தாத்தாவின் பொறுப்பாக இருந்தன. அதைப் பொறுப்பு என்று அவர் முன்னால் யாரும் சொல்லிவிட முடியாது. “பாப்பாகூட ஒரு ரவுண்டு போய்க்கினு வர்றேன்” என்பதுதான் அவருடைய வழக்கு.

அவள் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமான ரயிலுக்கு முந்தைய ரயிலில் திண்டிவனம் போய்விட்டேன். அவர்கள் வீட்டுக்கு வெளிப்புறமாக மாடிப்படி உண்டு. சம்பந்தி ஒரு நிலக்கடலை மூட்டையை, குழந்தைகளை உப்புமூட்டை தூக்குவோமே, அப்படி முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். மேலே போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி இறங்கினார். மறுபடியும் ஏறத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். மூட்டையை இறக்காமலே நின்றார்.

“மாடியில காய வைக்கவா?” என்று கேட்டேன். அவருக்குத் தப்பிக்க ஒரு வழி கொடுப்பதாகத்தான் நினைத்தேன்.

அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மூட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

“பாப்பா எவ்ளோ கனமோ அவ்ளோதான் இதுல கட்டி வச்சிக்கீறேன் சம்பந்தி. மாசாமாசம் ரெண்டு கை மல்லாட்டை சேத்துக்கினு வர்றேன். அவங்க ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும் கீழ. ஒம்பதாவது மாடில. லிப்டு கெடையாது, சரிவும் கட்டல.”

“அதற்கென்ன, வகுப்பைக் கீழே மாற்றித்தரச் சொல்லி நான் எழுதிக் கேட்கிறேன். மறுக்க மாட்டார்கள்.”

“நான் கேட்டுட்டேன். பெரிய டீச்சர் சரின்னுதான் சொன்னாங்க. பாப்பாதான் ஒத்துக்கல. ‘மாடி வராண்டாவுலேந்து பாத்தா ரயிலு தெரியுமாம். மத்த பொண்ணுங்கல்லாம் ஒம்பதாவது வர்றதே அதுக்குத்தான். எனக்காக அத்தன பேரையும் கீழ எறக்கிட்டா என்கூட எவ பேசுவா?’ன்னு கேக்குது. இன்னா பதில் சொல்றது, சொல்லுங்க.”

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அது வருசா வருசம் ஏறுது, நான் வருசா வருசம் எறங்கறேன். ரெண்டும் முட்டிக்கற எடம் ஒம்பதாங் கிளாசுக்கு அப்பால இருக்கணும், அவ்ளோதான். பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தனக்காக ஒரு கெழவன் மூட்டை தூக்கறான்னு தெரிஞ்சா, ‘எனக்கு மாடி வேணாம்’னுடும்.”

அவர் பொய்களின் கட்டடம் முழுவதும் எதன் மேல் நின்றது என்று அன்று விளங்கியது. தன் உடம்பு பிறருக்கு ஒரு சுமை என்னும் எண்ணம் அந்தப் பெண்ணின் காதில் விழுந்துவிடக் கூடாது. அதற்காகவே ஊரெங்கும் அத்தனை காரணங்களை இறைத்தார். அவளே கேட்டபோதும் ஒன்று தயாராக வைத்திருந்தார். “சட்டையெல்லாம் லூசாப் போச்சு பாப்பா. புதுசு எடுக்கறதுக்குப் பதிலா, ஒடம்ப சட்டைக்கு ஏத்தாப்பல வளத்துக்கலாம்னு கீறேன்.”

இந்த ஏற்பாட்டில் ஒரு பிழை நேர்ந்தது. அதை யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவன் நானாக இருக்கலாம். அவர் எடை தூக்கப் போன உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுத்தவர் ஓர் இளைஞர், கல்லூரி நாட்களில் போட்டிகளில் எடை தூக்கியவர். வயது வித்தியாசம் பாராமல் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள். சேர்ந்த அன்று அவரும் காரணம் கேட்டிருக்கிறார். சம்பந்தியும் அவருக்குப் பொருந்தக்கூடிய ஒன்றைக் கொடுத்திருக்கிறார்: “அரக்கை சட்டை போட்டா கையி தெரியணும் மாஸ்டர்.” மாஸ்டர் நேர்மையானவர். கேட்டதைக் கொடுத்தார். மாதக்கணக்கில் கைக்கும் தோளுக்கும் மார்புக்கும் மட்டுமே பயிற்சி நடந்தது.

கை தெரிந்தது என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். சம்பந்தி சட்டைக் கையை மேலும் ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டார். பேருந்தில் கம்பியைப் பிடிக்கத் தேவையில்லாத இடத்திலும் பிடித்தார். கண்ணாடியைக் கடக்கும்போது நடை சற்று மெதுவாகும். “சொன்ன பொய்யி கொஞ்சம் நெசமாவும் ஆயிப்போச்சு சம்பந்தி” என்று ஒருநாள் ஒப்புக்கொண்டார். அதில் அவருக்கு வெட்கமும் இருந்தது, ஆனால் அதைவிட மகிழ்ச்சி கூடுதலாக இருந்தது.

அடுத்த ஆண்டுப் பொங்கலுக்கு அவர்கள் எல்லோரும் விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். கார் வாசலில் நின்றது. பாப்பா பின்னிருக்கையில் இருந்தாள். கைகளின் மீது புதிதாக வந்திருந்த நம்பிக்கையில், சம்பந்தி காரின் பக்கம் குனிந்து, வளைந்த முதுகோடு அவளை அப்படியே வாரித் தூக்கினார். பாதி நிமிர்ந்தவர் முதுகு பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு நிதானமாக, அவளை மடியில் வைத்தபடியே தெருவில் உட்கார்ந்தார். அவள் உடம்பு தரையைத் தொடவில்லை.

“சம்பந்தி,” என்றார், பற்களைக் கடித்துக்கொண்டு. “ஒங்க தெருவ நல்லா சுத்தமா வச்சிக்கீறாங்க.”

பாப்பா சிரித்தாள். அடுத்த கணம், அவர் எழுந்திருக்க முயலவில்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு வாரம் அவர் என் வீட்டில் படுத்திருக்க நேர்ந்தது. பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனார் படுக்கையில் கிடப்பது எங்கள் பக்கத்தில் இரு தரப்புக்குமே சங்கடம். முதல் நாள், குளியலறைக்குப் போக என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னபோது சுவரையே பிடித்து நடந்தார். மூன்றாம் நாள் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு, “சம்பந்தி, ஒங்க தோளு ஆடுது. நீங்களும் ஜிம்முல சேரலாம்” என்றார். என் மனைவி காலமானதிலிருந்து அந்த வீட்டில் ஒருவர் இன்னொருவரை அழைக்கும் சத்தம் கேட்டதில்லை. அந்த இரண்டு வாரமும் கேட்டது.

மாஸ்டர் பழங்களோடு திண்டிவனத்திலிருந்து பார்க்க வந்தார். அன்று பள்ளி விடுமுறை. பாப்பாவும் கட்டிலருகே இருந்தாள்.

“ஐயா, கை தெரியணும்னுதானே கேட்டீங்க? நான் அதுக்குத்தானே சொல்லிக் குடுத்தேன்? காலுக்கும் இடுப்புக்கும் ஒண்ணுமே குடுக்கலியே. குனிஞ்சு எதத் தூக்கினீங்க?”

சம்பந்தி மின்விசிறியைப் பார்த்தார். “ஒரு பூந்தொட்டி மாஸ்டர்.”

“அந்தப் பூந்தொட்டி நாந்தான்” என்றாள் பாப்பா. “தாத்தா ஜிம்முக்கு வர்றதே என்னத் தூக்கறதுக்குத்தான் மாஸ்டர். எங்க ஸ்கூல்ல ஒம்பதாவது மாடில.”

சம்பந்தி படுத்தவாறே தலையை மட்டும் திருப்பினார். “யாரு சொன்னா ஒனக்கு?” என்று கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“யாரும் சொல்லல. எனக்கு நடக்கத்தான் முடியாது தாத்தா. தெனம் காலைல தலைக்கு மேல தொம்மு தொம்முன்னு மூட்டையோட ஏறி எறங்கினா, காதுகூடவா கேக்காது?”

“தெரிஞ்சிக்கினே ஏன் ‘எதுக்குப் போறீங்க, எதுக்குப் போறீங்க’ன்னு கேட்டுக்கினு இருந்த?”

“இன்னா சொல்றீங்கன்னு பாக்கத்தான். சட்டைக் கதை நல்லா இருந்துச்சு.”

என் மாணவர்களுள் பலர் வினாவை விடை தெரியாதபோது மட்டுமே கேட்பார்கள். விடை தெரிந்தும், எதிரிலிருப்பவரின் பொய்யைக் கெடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பது வேறு வகைக் கல்வி. அதை அவள் தாத்தாவிடமிருந்தே பெற்றிருக்கிறாள் என்று நினைக்கிறேன். ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ள இருவரும் ஒரே முறையைக் கையாண்டிருந்தார்கள்.

மாஸ்டர் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வேலை கிடைத்தவரைப் போல உற்சாகமாகப் பேசினார்.

“இது வேற கணக்குங்க ஐயா. குந்தி எழுந்திருக்கணும். தொடை, இடுப்பு, அடி முதுகு. முதுகு சரியானதும் வெறுங்கையோட ஆரம்பிக்கலாம். அப்புறம் இன்னொண்ணு…” என்றவர் பாப்பாவின் பக்கம் திரும்பினார். “நீயும் வரணும் பாப்பா. முதுகுல இருக்கறவங்க சும்மா தொங்கினா மூட்டை மாதிரி கனக்கும். நீ தோளையும் கழுத்தையும் இறுக்கிப் புடிச்சு ஒடம்ப ஒட்டிக்கிட்டா அவருக்குப் பாதி வேலை கொறையும். உனக்குக் கையும் முதுகும் நல்லாத்தானே இருக்கு?”

“அதுக்கு எதுக்கு மாஸ்டர் கஸ்டம்?” என்றார் சம்பந்தி அவசரமாக. “அது படிக்கிற புள்ள.”

“எனக்கும் அரக்கை சட்டை போட்டா கையி தெரியணும்” என்றாள் பாப்பா.

கட்டிலில் கிடந்தவர் சிரிக்கத் தொடங்கினார். முதுகு வலித்தது, வலியோடு சிரித்தார். “மாஸ்டர், ஒரு ஆளுக்கு ரெண்டு ஆளாச்சு, பீஸப் பாத்து போட்டுக்குங்க” என்றார். தாத்தாவும் பேத்தியும் அந்தக் கூடத்தில் ஒன்றாகச் சேர்ந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், “அதக் கேளுங்க” என்று பாப்பாவைக் காட்டிவிடுவார்.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய நாள் நானும் போயிருந்தேன். என் கையில் அவளுடைய புத்தகப் பை. சம்பந்தி படியின் முன்னால் குந்தினார். பாப்பா நாற்காலியிலிருந்து அவர் முதுகுக்கு மாறி, கைகளை அவர் மார்பின் குறுக்கே பூட்டிக்கொண்டாள். அவர் அவளுடைய தொடைகளை அணைத்துப் பிடித்து, மாஸ்டர் சொன்னபடி முதுகை நேராக வைத்துக் கால்களால் எழுந்தார். ஏறிக்கொண்டிருந்த பிள்ளைகள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். படி திரும்பும் இடத்தில் அவர் நின்றார். என் கை தானாக நீண்டது.

“நான் நிக்கல” என்றார் அவர், கேட்காத கேள்விக்கு. “பாப்பாதான் சன்னல் வழியா வேடிக்கை பாக்கணும்னுச்சு.”

“பொய்யி. நான் ஒண்ணும் கேக்கல. ஜல்தியா ஏறுங்க, பெல் அடிச்சுடும்.”

ஏறினார். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் ஏறினார். பத்தாம் வகுப்பு முழுவதும் ஏறினார். அவள் வளர்ந்தாள். அவளுடைய பிடியும் வளர்ந்தது. “கழுத்த வுடு, மூச்சு முட்டுது. இன்னாத்துக்கு இவ்ளோ பலம்?” என்று அவர் திட்டும்போது, சுற்றியிருப்பவர்களுக்கு அந்தத் திட்டு கேட்டதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் என்று அவர் அஞ்சிய இடத்தை அவர்கள் எப்போது கடந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

அவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த கோடையில், காலை நேரத்தில், நிலத்திலிருந்து திரும்பிவந்து தண்ணீர் கேட்டார். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார். நெஞ்சடைப்பு என்றார்கள்.

பங்காளிகளுக்குத் தீட்டு உண்டு, சம்பந்திக்கு இல்லை. முறைப்படி நான் செய்ய வேண்டியது கோடி வேட்டி ஒன்றைக் கொண்டுபோய்ப் போர்த்துவது. போர்த்தினேன். அதற்குப் பிறகு வாசலில் பந்தலின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம் இறந்தவருக்கு நான் இன்னார் என்று சொல்ல, சம்பந்தி என்பதைத் தவிர வேறு சொல் எங்களிடம் இருக்கவில்லை. அது போதுமானதாக இல்லை. அவ்வளவே அதைப் பற்றிச் சொல்வேன்.

வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் உரக்கவே சொன்னார்: “தெனம் ஜிம்முக்குப் போய் ஒடம்ப இரும்பாட்டம் வச்சிருந்தாரே, இன்னா பிரயோசனம்?”

சம்பந்தியின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தினார். “சாவாம இருக்கறதுக்கா அவரு தூக்கினாரு?” என்று கேட்டார். பதிலுக்காகக் காத்திராமல் மீண்டும் குனிந்துகொண்டார். பாடையின் முன்பக்கத்தை மாஸ்டரும் பாப்பாவின் தகப்பனும் தூக்கினார்கள். கனமான மனிதர், தெருமுனை வருவதற்குள் தோள் மாற்றிக்கொண்டார்கள்.

பதினோராம் வகுப்பும் மாடியில்தான். இம்முறை வகுப்பைக் கீழே இறக்கித் தரத் தலைமையாசிரியை தாமாகவே முன்வந்தார். கீழே ஓர் அறை காலியாக ஒரு மாதம் ஆகும். அதுவரை மாஸ்டர் வந்து தூக்குவதாக ஏற்பாடு. முதல் நாள் நான் விழுப்புரத்திலிருந்து போய்விட்டேன். என்னால் ஆகக்கூடியது அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்தேதான் போனேன்.

மாஸ்டர் படியின் முன்னால் குந்தினார். பாப்பா அசையவில்லை.

“வேணாம் மாஸ்டர். நீங்க நாற்காலிய எடுத்துக்கினு முன்னால போங்க.”

நாற்காலியைப் படியோடு ஒட்டி நிறுத்தச் சொன்னாள். இரண்டு கைகளையும் ஊன்றித் தன்னை இறக்கி, முதல் படியில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பிறகு உள்ளங்கைகளை அதற்கு மேற்படியில் பின்பக்கமாக ஊன்றி, உடம்பை முழுவதும் தூக்கி, அந்தப் படியில் வைத்தாள். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து மேலே வைத்துக்கொண்டாள். மறுபடியும் ஊன்றினாள்.

“எங்கே பழகினாய்?” என்று கேட்டேன்.

“வூட்டு மாடிப்படில. லீவு முழுக்க.”

நான் அவளுக்குக் கீழ்ப்படியில் நின்று, விழுந்தால் பிடிப்பதற்காக இரு கைகளையும் நீட்டியிருந்தேன். என்ன பயன் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“கைய எடுங்க தாத்தா. நீங்க நிக்கற நிலையப் பாத்தா எனக்கு பயமா இருக்கு. நான் விழுந்தா ஒங்களுக்குத்தான் அடிபடும்.”

கையை எடுத்துக்கொண்டு கூடவே ஏறினேன். படி திரும்பும் இடத்தில் சற்று நின்று, வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அங்கே அவளுக்கு யாரும் உதவவில்லை, அவளும் கேட்கவில்லை. மேலே போன பிள்ளைகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கடைசிப் படியை அடைந்ததும், மாஸ்டர் நாற்காலியை அசையாமல் பிடித்துக்கொள்ள, ஊன்றி ஏறி உட்கார்ந்தாள்.

அவளுடைய தோழி ஒருத்தி, அவளை முன்னால் சாயச் சொல்லி, சீருடையில் ஒட்டியிருந்த தூசியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள். அது கொஞ்சம் பலமாகவே விழுந்திருக்க வேண்டும். “மெதுவா டீ, எருமை” என்றாள் பாப்பா. இருவரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, இரண்டு படி கீழே நின்ற என்னைத் திரும்பிப் பாராமல், வகுப்புக்குள் போனார்கள்.